நினைவக அளவையின் வரலாறு

ஒரு பொருளை அளத்தல் எளிது. அளந்து பெற்ற எண் எதனை உணர்த்துகின்றது என அறிதலே அரிது. கணினி நினைவகத்தை அளந்த வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

முரசுமோட்டையில் காலபோக அறுவடை முடிந்ததும் வீட்டு விறாந்தைகளில் நெல்மூடைகள் அடுக்கப்பட்டிருத்தலைக் காணலாம். இடம் வெறிதே கிடத்தலாகாது என்பது கமக்காரனின் எண்ணம். விருந்தினர் வரின் மூடைகளை அகற்றி இடங்கொடுப்பான். ஆகவே, விறாந்தை நிறைந்துள்ளது என்பது மெய். விருந்தினர்க்கு இடமில்லை என்பது பொய்.

1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளமும் இந்நெறியையே கைக்கொள்வது. வட்டிலிருந்து ஒருகாற் படித்த கோப்புகளை, மீண்டும் வேண்டப்படுமெனக் கருதி, வெறுமையாயுள்ள நினைவகத்தில் அது வைத்துக்கொள்ளும். இதுவே கேஷ் எனப்படும் இடைச்சேமிப்பு. வேறொரு செயலிக்கு இடம் வேண்டுமாயின் அதனை அகற்றிவிடும்.

இனி, 4000 மெகாபைட் நினைவகமுள்ள ஒரு கணினியைக் கொள்வோம். அதில் வெறுமையாயுள்ளது 300, இடைச்சேமிப்பு 2500. கட்டளை வரியில் இயங்கும் 'ஃப்ரீ' என்னும் கருவியின் பழைய பதிப்பு, முதல் வரியில் 3700 பயன்பட்டதெனக் காட்டும். இடைச்சேமிப்பைக் கழித்து, அடுத்த வரியில் 1200 எனக் காட்டும். முதல் வரியை மட்டும் படித்தோர் நினைவகம் தீர்ந்ததென அஞ்சினர்.

இரண்டாம் வரியும் முற்றும் பொருந்தியதன்று. செயலிகள் பல பொதுவாகப் பயன்படுத்தும் பகிர்நினைவகமும் இடைச்சேமிப்புக் கணக்கிலேயே சேர்க்கப்பட்டிருந்தது. அது விறாந்தைச் சுவரோரத்துப் பெட்டகம் போன்றது. மூடையைப் போல் எளிதில் அகற்றலாகாது. அஃது 400 எனின், பயன்பட்டது 1600 ஆகும். 2015இல் தோன்றி 2024இல் பணி நிறுத்தப்பட்ட 'நியோஃபெட்ச்' என்னும் கருவி பகிர்நினைவகத்தை இவ்வாறு திரும்பக் கூட்டியே கணக்கிட்டது. ஒரே கணினிக்கு மூன்று விடைகள்; கூட்டற்பிழை எதிலுமில்லை. 'பயன்பட்டது' என்னும் சொல்லின் பொருளே வேறுபட்டது.

இக்குழப்பத்தை நீக்க, 2014இல் வெளிவந்த லினக்ஸ் 3.14ஆம் பதிப்பில் ரிக் வான் ரியல் ஒரு புதிய அளவையைச் சேர்த்தார். எவ்வளவு வெறுமையாயுள்ளது என்பதை விடுத்து, புதியதொரு செயலிக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை இயங்குதளமே மதிப்பிட்டுக் கூறலாயிற்று. அதே ஆண்டில் 'ஃப்ரீ' கருவியும் பழைய இரண்டாம் வரியை நீக்கி, 'கிடைக்கத்தக்கது' என்னும் நிரலை ஏற்றது.

இவ்வாராய்ச்சி வெறும் எண்விளையாட்டன்று. பாடசாலையொன்றின் கணினியறையில், நினைவகம் நிறைந்துவிட்டதெனக் கருதிப் பழைய கணினிகள் சில மூலையில் ஒதுக்கப்பட்டன. எஞ்சியவற்றில் மூவர்க்கு ஒன்றாக மாணவர் இடித்து நெருங்கியிருந்து பயின்றனர். முதல் வரியை மட்டும் படித்து அவ்வாறு ஒதுக்கியவருள் யானும் ஒருவன். பின்னர் உண்மையறிந்து அவற்றை மீட்டும் இயக்கியபோது, பாடவேலைகளுக்கு அவை போதியனவாகவே இருந்தன.

மாணவரையும் நாம் எண்களாலேயே அளக்கின்றோம். புள்ளியைக் கண்டவுடன் தீர்ப்புக் கூறாது, அஃது எதனை அளந்தது என வினவுதல் ஆசிரியர்க்கு முதற்கடனாம்.