கொடுமணல் பானையும் சீனப் பீங்கானும்

ஈரோடு மாவட்டத்தில், நொய்யலாற்றின் வடகரையில் உள்ளது கொடுமணல். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985-இல் இங்கு அகழாய்வு தொடங்கினர். கல்மணிகளும் இரும்பு உலைகளும் ஊருக்குப் புகழ் தேடித் தந்தன. பானை ஓடுகளை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

இவ்வோடுகளில் பல, உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்துச் சுட்டபோது காற்றுப் புகாத உட்புறத்தில் கரி படிந்தது. வெளிப்புறத்தில் மண்ணிலிருந்த இரும்பு ஆக்சிஜனுடன் கூடிச் சிவந்தது என்பதே பொதுவான விளக்கம். சில ஓடுகளில் தமிழ்-பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டுள்ளன. பளபளப்பு, தேய்த்து ஏற்றிய மெருகு. கண்ணாடிப் பூச்சு அன்று.

கண்ணாடிப் பூச்சு பெற்ற கலங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் சீனக் கப்பல்களில் தமிழகக் கரைக்கு வந்தன. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987-இல் அகழ்ந்தபோது 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகள் கிடைத்தன. அவற்றுள் லுங்சுவான் சூளைகளின் பச்சைக் கலங்களும் உண்டு. 'செலடான்' என்பது இவ்வகையின் பெயர்.

அந்தப் பச்சைக்கும் காரணம் இரும்பே! சாம்பல், சுண்ணாம்பு, பெல்ஸ்பார் கலந்த பூச்சில் நூற்றுக்கு ஓரிரு பங்கு இரும்பு ஆக்சைடு இருக்கும். சூளையில் காற்றைக் குறைத்தால் இரும்பு ஆக்சிஜனில் ஒரு பகுதியை இழந்து, சிவப்புக்குப் பதில் பச்சை காட்டுகிறது.

பாதி காய்ந்த கலத்தில் கத்தியைச் சாய்த்துப் பூவிதழ்களைச் செதுக்கி, மேலே பூச்சிடுவர். சூட்டில் உருகிய பூச்சு பள்ளத்தில் தேங்கும். ஒரு தடிப்பு, சிவப்பு ஒளியில் பாதியை விடுமானால், இருமடங்கு தடிப்பு கால் பங்கையே விடும். ஆகவே பள்ளம் கரும்பச்சை, மேடு வெளிர்பச்சை. தூரிகையே தொடாமல் ஓவியம் பிறக்கிறது.

நம்மவர் ஏன் இதைச் செய்யவில்லை? சூடேற்றத் தெரியாதவர்கள் என்பது சரியன்று. எஃகு உருக்கிய தடயங்கள் கொடுமணலிலேயே உள்ளன என்பர் அகழ்ந்தோர். ஆனால் துருத்தி ஊதிச் சிறு மூசையைக் காய்ச்சுவது வேறு. மலைச்சரிவில் நீளக் கட்டிய சூளை முழுவதையும் 1200 டிகிரி செல்சியசுக்கு மேல் சீராக வைத்திருப்பது வேறு. அந்தச் சூட்டில் நமது செம்மண் கலம் உருக்குலைந்துவிடும். சீனருக்கு அதைத் தாங்கும் வெண்களிமண் வாய்த்தது.

இன்னொன்று: கண்ணாடிப் பூச்சு நுண்துளைகளை அடைத்துவிடும். நீர் கசிந்து ஆவியானால்தானே பானைத் தண்ணீர் குளிரும்? கோவை வெயிலுக்குச் சீனக் குடம் எதற்கு!