குதிரைமுகம்: இரும்புச் சுரங்கம் முதல் காட்டு முகாம் வரை

குதிரைமுகம், கர்நாடக மாநிலத்தின் சிக்கமகளூரு மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்த மலைப்பகுதி. ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது அதன் சிகரம் குதிரையின் முகம் போலத் தெரிவதால் கன்னடத்தில் ‘குதுரெமுக’ எனப் பெயர் பெற்றது. 1980 முதல் 2005 வரை இந்தியாவின் பெரிய இரும்புத்தாதுச் சுரங்கங்களுள் ஒன்று இங்கே இயங்கியது. இன்று இப்பகுதி தேசியப் பூங்கா. மலையேறுவோரும், காட்டு முகாமில் ஓரிரவு தங்க விரும்புவோரும் இங்கு வருகின்றனர்.

ஒரு சுரங்கத்தை மூட ஒரு நாள் போதும். ஆனால் மலை தன் பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை காலம் ஆகும், அதுவரை அங்கே யார் தங்கலாம் என்ற கேள்விகள் எளிதில் தீர்வதில்லை. குதிரைமுகத்தின் வரலாறு இக்கேள்விகளைப் பற்றியது. நெய்வேலிச் சுரங்கத்தின் அருகில், அப்பகுதியின் களிமண்ணைக் கொண்டு பீங்கான் தொழில் வளர்த்த விருத்தாசலம் வட்டாரத்தாருக்கும் இக்கேள்விகள் நெருக்கமானவை.

மலையும் நீரும்

குதிரைமுகச் சிகரத்தின் உயரம் சுமார் 1,890 மீட்டர். பள்ளங்களில் அடர்ந்த சோலைக்காடும், உச்சிகளில் அலையலையான புல்வெளியும் இம்மலையின் இயல்பு. ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். சென்னையின் ஆண்டு மழையைப் போல இது நான்கு மடங்குக்கும் அதிகம்.

இம்மலைத்தொடரில் உள்ள கங்காமூலா பகுதியில் துங்கா, பத்ரா, நேத்ராவதி என மூன்று ஆறுகள் தோன்றுகின்றன. துங்காவும் பத்ராவும் கிழக்கே ஓடி, கூடலி என்னுமிடத்தில் ஒன்றாகித் துங்கபத்திராவாகி, கிருஷ்ணையில் கலந்து வங்கக் கடலை அடைகின்றன. நேத்ராவதி மேற்கே இறங்கி மங்களூரில் அரபிக் கடலில் கலக்கிறது. மலையின் மண் சரிந்தால் அதன் விளைவு இரு திசைகளிலும் உள்ள வயல்களுக்கும் அணைகளுக்கும் போய்ச் சேரும். பின்னாளில் எழுந்த போராட்டத்தின் அடிப்படை இதுவே.

தாது கண்டறிதலும் ஈரான் ஒப்பந்தமும்

மைசூர் சமஸ்தானத்தின் நிலவியல் துறையைச் சேர்ந்த சம்பத் ஐயங்கார் 1913ஆம் ஆண்டில் இப்பகுதியில் இரும்புத்தாது இருப்பதைக் கண்டறிந்தார். இது காந்தத்தன்மை கொண்ட மாக்னடைட் வகைத் தாது. அளவில் மிகுதி என்றாலும் தரத்தில் குறைவு. இரும்பின் பங்கு ஏறக்குறைய 38 விழுக்காடு மட்டுமே. வெட்டியெடுத்ததை அப்படியே விற்க முடியாது, அரைத்துச் செறிவூட்ட வேண்டும். அதற்குப் பெரும் முதலீடு தேவைப்பட்டதால் திட்டம் பல ஆண்டுகள் தாளிலேயே இருந்தது.

1970களில் எண்ணெய் விலை ஏறியபோது ஈரானிடம் பணம் குவிந்தது. தன் எஃகு ஆலைகளுக்குத் தாது தேடிய ஈரானுடன் 1975இல் இந்தியா ஒப்பந்தம் செய்தது. 63 கோடி டாலர் கடன் தருவதாகவும், 21 ஆண்டுகளில் 15 கோடி டன் செறிவூட்டிய தாதை வாங்கிக்கொள்வதாகவும் ஈரான் ஒப்புக்கொண்டது. 1976 ஏப்ரல் 2 அன்று குதிரைமுக் இரும்புத்தாது நிறுவனம் மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. சாலை, ஆலை, அணை, தொழிலாளர் குடியிருப்பு என அனைத்தும் மழைக்காட்டின் நடுவே சில ஆண்டுகளில் எழுந்தன.

1979இல் ஈரானில் புரட்சி வெடித்து மன்னராட்சி வீழ்ந்தது. கடனின் மீதித் தொகை வரவில்லை. தாது வாங்குவோரும் இல்லாமல் போயினர். 1980இல் ஆலை தயாரானபோது, யாருக்காகக் கட்டப்பட்டதோ அந்த நாடே சந்தையில் இல்லை. நிறுவனம் வேறு நாடுகளில் வாடிக்கையாளர்களைத் தேடிப் பிடித்தே தொழிலை நடத்தியது. 1987இல் மங்களூரில் தாது உருண்டைகள் செய்யும் ஆலையும் சேர்ந்தது.

சுரங்கம் இயங்கிய விதம்

மலை உச்சியைப் படிப்படியாக வெட்டி இறக்கும் திறந்தவெளிச் சுரங்கம் இது. வெட்டிய பாறையை மாவு போல அரைத்து, நீரில் கலந்து, காந்தத்தின் உதவியால் இரும்பைப் பிரித்தனர். கிடைத்த செறிவுத் தாதை நீரோடு கூழாக்கி, 67 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியே மலையிலிருந்து மங்களூர்த் துறைமுகத்துக்கு அனுப்பினர். லாரியோ ரயிலோ தேவைப்படவில்லை. அந்நாளில் இது வியந்து பேசப்பட்ட பொறியியல் பணி.

ஆலையின் முழுத் திறனில் ஆண்டுக்கு சுமார் 2.25 கோடி டன் தாதை வெட்டினால் 75 லட்சம் டன் செறிவுத் தாது கிடைக்கும். மூன்றில் இரண்டு பங்கு மலையிலேயே கழிவுச் சேறாகத் தங்கிவிடும். அதைத் தேக்குவதற்காக லக்யா ஓடையின் குறுக்கே சுமார் 100 மீட்டர் உயர அணை கட்டப்பட்டது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது அழகிய மலை ஏரியாகத் தெரியும்; நீருக்கு அடியில் இருப்பது அரைத்த பாறைத்தூள்.

சுரங்கம் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தது. பள்ளி, மருத்துவமனை, கடைவீதி, விளையாட்டுத் திடல் கொண்ட நகரியம் உருவானது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தனர். சுரங்கத்தால் நேர்ந்த இழப்பைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வழக்கும் தீர்ப்பும்

1980களின் தொடக்கத்தில் உயிரியல் அறிஞர் உல்லாஸ் கரந்த் இக்காடுகளில் சிங்கவால் குரங்குகளின் பெரிய கூட்டங்கள் இருப்பதைப் பதிவு செய்தார். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் அரிய விலங்கு இது. 1987இல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் காடு தேசியப் பூங்காவாக முதல்நிலை அறிவிக்கை பெற்றது. ஒரே மலையில் பூங்காவும் சுரங்கமும் அடுத்தடுத்து இயங்கும் நிலை உண்டானது.

சுரங்கக் குத்தகை 30 ஆண்டுக் காலத்துக்குப் பின் 1999 ஜூலையில் முடிந்தது. நிறுவனம் நீட்டிப்புக் கேட்டது. வெட்டிய மலையிலிருந்து மழைக்காலத்தில் அடித்து வரப்படும் வண்டல் பத்ரா ஆற்றை நிரப்புவதாக ஆய்வாளர்களும் ஆற்றோர உழவர்களும் சுட்டிக்காட்டினர். வேலையும் ஊரும் போய்விடும் என்று தொழிலாளர்கள் அஞ்சினர். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. ஓய்வுபெற்ற வனத்துறை அலுவலர் கே. எம். சின்னப்பாவின் பெயர் இவ்வழக்கோடு நிலைத்துவிட்டது.

2002 அக்டோபர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே தோண்டப்பட்ட பகுதியில் மட்டும் 2005 இறுதி வரை வெட்டலாம். அதன் பின் சுரங்கப் பணி நிறுத்தப்பட வேண்டும் என்பது அதன் சாரம். 2005 டிசம்பர் 31உடன் சுரங்கம் ஓய்ந்தது. மலையின் அடியில் தாது இன்னும் இருக்கிறது. தாது தீருமுன்பே, காட்டுக்காக ஒரு பொதுத்துறைச் சுரங்கம் மூடப்பட்டது என்பதே இத்தீர்ப்பின் வரலாற்றுச் சிறப்பு. 2012இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது குதிரைமுகமும் அதில் இடம்பெற்றது.

சுரங்கத்துக்குப் பின்: முகாமும் நடைப்பயணமும்

சுரங்கம் நின்றதும் நகரியம் காலியானது. வீடுகள் பூட்டப்பட்டன, மழையும் பாசியும் சுவர்களைப் பிடித்தன. காலியான நகரியத்தைச் சூழல் சுற்றுலாத் தலமாக்கும் யோசனையை நிறுவனம் முன்வைத்தது. தேசியப் பூங்காவின் நடுவே பெருங்கூட்டம் வருவது சுரங்கத்தின் இடத்தில் வேறொரு சுமையை வைப்பதாகும் என்று சூழலியலாளர்கள் எதிர்த்தனர்.

இன்று இங்கு வருவோர் தங்குவதற்குக் கட்டுப்பாடான வழிகளே உள்ளன. காட்டுக்குள் நீரோடையை ஒட்டி அமைந்த பகவதி இயற்கை முகாமில் கூடாரங்களும் சிறு குடில்களும் உண்டு. பூங்காவின் எல்லை ஊர்களில் வீட்டுத் தங்கல்கள் இருக்கின்றன. சிகரத்துக்கு நடந்து செல்ல வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. காலையில் ஏறியவர் மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். சிகரத்திலோ புல்வெளியிலோ கூடாரம் அடித்து இரவு தங்க அனுமதியில்லை.

இந்தத் தடைக்குக் காரணம் புல்வெளியின் இயல்பில் இருக்கிறது. சோலைப் புல்லின் வேர்தான் மழை நீரைப் பிடித்து வைத்து ஓடையாகக் கசியவிடுகிறது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கூடாரம் அடித்தால் புல் மடிந்து மண் வெளிப்படும். அடுத்த பருவமழையில் அது கரைந்து ஓடும். ஒரு சிறு தீப்பொறி கோடையில் மலைச்சரிவு முழுவதையும் எரித்துவிடும். சுரங்கம் பெரிய அளவில் செய்ததை முகாம் சிறிய அளவில் செய்யக்கூடும் என்பதே விதியின் உள்ளடக்கம்.

மலைக்குடியர்

மலையில் தங்கும் உரிமை பற்றிய கேள்வி பயணியரோடு முடிவதில்லை. மலெகுடியர் என்ற பழங்குடியினரும், சிறு உழவர்களும் பூங்கா அறிவிக்கப்படுவதற்கு முன்பிருந்தே இக்காட்டுக்குள் வாழ்கின்றனர். சுரங்கத்துக்குக் குத்தகை கிடைத்த அதே மலையில், தங்களை மட்டும் வெளியேறச் சொல்வது ஏன் என்று அவர்கள் கேட்டனர். வெளியேற்றப்படுவோம் என்ற அச்சத்தை 2000களின் தொடக்கத்தில் மாவோயிஸ்டுகள் பயன்படுத்திக்கொண்டனர். காட்டில் துப்பாக்கிச் சண்டைகளும் நடந்தன. இழப்பீடு பெற்றுக்கொண்டு விரும்பி வெளியேறும் திட்டத்தின்படி சில குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. மற்றவர்கள் சாலையும் மின்சாரமும் குறைந்த நிலையிலேயே தங்கியிருக்கின்றனர். ஓரிரவு முகாமுக்கு வருபவர் அனுபவிக்கும் தனிமை, அவர்களுக்கு அன்றாட வாழ்க்கை.

விருத்தாசலம் வட்டாரத்தோடு ஒப்பீடு

விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள நெய்வேலியில் 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பட்டு, 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலக்கரிக்கு மேலுள்ள மண் அடுக்குகளில் வெண்களிமண்ணும் உண்டு. அருகில் களிமண் கிடைத்ததே விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் பயிற்சி நிலையமும் வளரக் காரணமானது.

நெய்வேலி சமவெளிச் சுரங்கம். மேல்மண்ணை அகற்றி நிலக்கரியை எடுத்த பின், அடுத்த பகுதியில் தோண்டும் மண்ணைக் கொண்டே பழைய குழியை நிரப்ப முடியும். நிரப்பிய நிலத்தில் மரம் நடுகிறார்கள். ஏரி, பூங்கா அமைக்கிறார்கள். குதிரைமுகத்தில் இது இயலாது. உச்சியிலிருந்து வெட்டியதில் ஒரு பங்கு கப்பலேறிவிட்டது, மீதி சேறாகி அணைக்குள் கிடக்கிறது. வெட்டிய படிகளின் மேல் புல் முளைப்பதற்குக் காத்திருப்பதே வழி.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், பீங்கானுக்கான வெண்களிமண் எடுத்துத் தீர்ந்த ஒரு குழியில் 2001ஆம் ஆண்டு ஈடன் திட்டம் என்ற பெரிய தாவரத் தோட்டம் திறக்கப்பட்டது. குழியில் மண்ணே இல்லாததால், களிமண் சுரங்கக் கழிவு மணலோடு மட்கிய பொருள்களைக் கலந்து சுமார் 85,000 டன் மண்ணைச் செயற்கையாகத் தயாரித்தனர். இன்று அதன் அருகில் இளைஞர் விடுதியும் கூடாரம் அடிக்கும் இடமும் உள்ளன.

மூன்று இடங்களிலும் முடிவைத் தீர்மானித்தவை ஒரே கேள்விகள்: எடுத்தது எங்கே போனது, மீந்தது எங்கே இருக்கிறது, சீரமைக்கும் செலவு யாருடையது. சுரங்கம் தொடங்கும் நாளிலேயே இவற்றுக்கு விடை எழுதப்பட்டிருந்தால், மூடும் நாளில் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்காது. நெய்வேலியில் சுரங்கம் இன்னும் விரிகிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்டியபோது எழுந்த எதிர்ப்பு, இக்கேள்விகள் இங்கும் விடையின்றி நிற்பதைக் காட்டியது.

விருத்தாசலம் என்ற பெயருக்குப் ‘பழமையான மலை’ என்று பொருள், தமிழில் திருமுதுகுன்றம். ஊரில் மலை ஏதும் இல்லை. முன்பிருந்த குன்று மண்ணுக்குள் அமிழ்ந்தது என்பது தலபுராண மரபு. இன்று அவ்வட்டாரத்தில் கண்ணில் படும் மேடுகள் நெய்வேலிச் சுரங்கத்தின் மண் குவியல்கள். குதிரைமுகத்திலோ மலை இன்னும் இருக்கிறது, உச்சியின் ஒரு பகுதி குறைந்தபடி. அங்கே இரவில் கூடாரம் அடிக்கக் கூடாது என்ற விதி, அந்த மலைக்கு மனிதர் கொடுத்திருக்கும் ஓய்வு.