ஏட்டில் ஏறிய பெயர்கள்

ஒருவன் தன் வீட்டாருக்கு எழுதும் கடிதத்தைப் பிறர் பிரித்துப் பார்க்கலாமோ? இவ்வினா நம் நாட்டு அரசியலில் நேற்று எழுந்ததன்று. நாட்டமைதி கருதிப் பார்க்கலாம் என்று வெள்ளையர் அரசு 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்திலும் 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்திலும் விடை எழுதி வைத்தது. 1947இல் அடிப்படை உரிமைகளை வகுக்க அமைந்த துணைக்குழுவில், கடித மறைவு காக்கப்பெறல் வேண்டும் என்றார் முன்ஷி. குடிகளின் வீடும் தாளும் தக்க காரணமின்றிச் சோதிக்கப்படலாகாது என்றார் அம்பேத்கர். அவற்றை மறுத்தவருள் ஒருவர் சென்னையின் பெரும் வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். குற்ற வழக்குகளில் சான்று திரட்டுவது அரிதாகும் என்பது அவர் அச்சம். முடிவில் அவ்வுரிமைகள் அரசியல் சட்டத்தில் இடம் பெறவில்லை. உச்ச நீதிமன்றமும் 1954இலும் 1962இலும் அவ்வழியே சென்றது. நள்ளிரவில் காவலர் வந்து கதவைத் தட்டும் வழக்கத்தைக் கண்டித்த 1962ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையன்று என்றும் எழுதினர். மாறுபட்டு எழுதிய சுப்பா ராவின் குரல் அன்று எடுபடவில்லை.

சட்டம் நிற்க. பம்பாய்த் தமிழர்க்கு இதன் பொருள் சட்டப் புத்தகத்தினின்று விளங்கியதன்று. பெயர்ப் பட்டியல்களால் விளங்கியது. 1960இல் பால் தாக்கரே தொடங்கிய "மார்மிக்" வார இதழ், இந்நகரத்துக் கம்பெனிகளில் உயர்ந்த பதவி வகிப்போரின் பெயர்களை வரிசை வரிசையாக அச்சிட்டது. "படியுங்கள், சும்மா இருங்கள்" என்ற பொருள்பட மராத்தியில் ஒரு தலைப்பு. அவ்வரிசைகளில் தென்னாட்டுப் பெயர்கள் மலிந்திருந்தன. 1966 ஜூன் 19இல் சிவசேனை பிறந்தது. பின்னர் உடுப்பி உணவு விடுதிகள் பட்ட பாட்டை மாட்டுங்காவின் முதியோர் இன்றும் கூறுவர். இங்கு நாம் கருத வேண்டுவது ஒன்றுண்டு. அப்பெயர்கள் எவரும் பூட்டை உடைத்து எடுத்தவை அல்ல. தொலைபேசிப் புத்தகத்திலும் அலுவலகக் கதவுகளிலும் எவரும் காணக் கிடந்தவையே. ஆனால் தொலைபேசியில் அழைப்பதற்கென்று கொடுத்த பெயர், விரட்டுவதற்கென்று அச்சேறியது. பெயர் அதே பெயர்தான், நோக்கம் வேறாயிற்று.

இதனைக் கொண்டு பட்டியல் என்றாலே பகை என்று முடிவு கட்டுவாரும் உளர். தாராவியிலும் செம்பூரிலும் வாழும் ஏழையரைக் கேட்டால் அவர் அவ்வாறு சொல்லார். 1976 ஜனவரி 4ஆம் நாள் பம்பாய்க் குடிசைகள் அனைத்தும் கணக்கெடுக்கப்பட்டு, குடும்பத்தின் படம் ஒட்டிய "போட்டோ பாஸ்" வழங்கப்பட்டது. அதனைத் தகரப் பெட்டியின் அடியில் நகைபோலப் பொதிந்து வைத்த குடும்பங்கள் பல. அது உள்ளவனுக்கு மாற்று இடம் கேட்க வழியுண்டு. இல்லாதவனுக்கு நடைபாதையே கதி. அதே ஆண்டு மே 17இல், டிராம்பேயில் அணுசக்தி நிலையத்தை அடுத்திருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. தமிழர் மிகுந்திருந்த அக்குடியிருப்பின் மக்கள் சீத்தா கேம்ப்புக்குப் பெயர்க்கப்பட்டனர். கோலார் தங்கவயலில் பிறந்து இங்கு வந்து, அக்காலனிக்காகப் போராடியவர் ஜோக்கின் அற்புதம். பிறர் எடுக்கும் கணக்கிற்குக் காத்திராமல் குடிசை வாழ்வோர் தம்மைத் தாமே எண்ணிக் கணக்கெழுதும் முறையை அவர் வளர்த்தார். பிற நாட்டு ஏழையரும் பின்னர் அதனைக் கைக்கொண்டனர். ஏட்டை எழுதும் கை எவருடையது என்பதிலேயே அவர் கண் இருந்தது. என் கருத்தில், வழக்கு மன்றத்தில் வாதாடிய பலரினும் இச்செய்தியை நன்குணர்ந்தவர் அவரே.

ஜனதா காலனி இடிபட்டதற்கு மூன்று வாரம் முன்பு, ஏப்ரல் 28இல், நெருக்கடி நிலையின்போது உயிருக்கும் உரிமைக்கும் வழக்காட இயலாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐவருள் மறுத்தவர் எச். ஆர். கன்னா ஒருவரே. உடன்பட்ட நால்வருள் ஒருவர் ஒய். வி. சந்திரசூட். ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகக் கூறினர். அதில் முதன்மைத் தீர்ப்பை எழுதி, 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு பிழையென்று நீக்கியவர் அந்தச் சந்திரசூட்டின் மைந்தர் டி. ஒய். சந்திரசூட். தந்தையின் எழுத்தை மைந்தர் அழித்தெழுதியது வரலாற்றில் அடிக்கடி காணக்கூடியதன்று.

இரயில்வேயில் எழுத்தராய் இருப்பவன் தன் துறையைச் சொல்லாது விடுதல் முறையன்று. ஊருக்குச் செல்லும் வண்டியின் கதவருகே பயணியின் பெயர், வயது, ஆணா பெண்ணா என்பதெல்லாம் எழுதிய தாளை ஒட்டி வந்தோம். தனியே செல்லும் பெண்ணின் படுக்கை எண்ணை வழிப்போக்கர் எல்லாரும் படித்தனர். 2018இல் பெரிய நிலையங்களில் அவ்வழக்கம் நின்றது. காகிதச் சிக்கனத்தின் பொருட்டே நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் பயணச்சீட்டு விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம், பயணிகளைப் பற்றிய விவரங்களைப் பொருளாக்க ஆலோசகரை நாடி ஒப்பந்த அறிக்கை விடுத்தது. எதிர்ப்பு எழவே, அம்மாதமே திரும்பப் பெற்றது.

2023இல் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்நோக்கத்திற்கென்று கேட்டு வாங்கினரோ அந்நோக்கத்திற்கே விவரங்களைப் பயன்படுத்தல் வேண்டும். பெருந்தவறுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம். மார்மிக் காலத்தில் நம்மவர்க்கு இல்லாத வேலி இது. ஆயினும் தன் அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு தன் கையிலேயே வைத்துக்கொண்டது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. 2024 மார்ச்சு முதல் தாராவியில் வீடுவீடாகக் கணக்கெடுத்தோர், 2000 ஜனவரி 1க்கு முன்னரே குடியிருந்தமைக்குச் சான்று கேட்டபோது, நம் மக்கள் ரேஷன் அட்டை முதல் மின் கட்டணச் சீட்டு வரை எடுத்து நீட்டினர். நீட்டாதவர்க்கு வீடில்லை என்றால் நீட்டாதிருப்பது எங்ஙனம்?

தொடக்கத்தில் சொன்ன கடிதத்திற்கு வருவோம். 1986இல் அஞ்சல்களை இடைமறிக்கும் அதிகாரத்தைப் பெருக்கும் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதில் கையொப்பமிடவில்லை. அடுத்து வந்தவர் தஞ்சைச் சீமையைச் சேர்ந்த ரா. வெங்கட்ராமன், அவர் அதனை மறு ஆய்வுக்குத் திருப்பினார், அது சட்டமாகாமலே போயிற்று. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிய புதிய அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18இல் நடைமுறைக்கு வந்தது. அஞ்சலை இடைமறித்துப் பிரிக்கும் அதிகாரம் அதிலும் இருக்கின்றது.