கலரியில் இருந்தவர்கள்: மலையகத் திரைப்பட ரசிகர்களின் எழுதப்படாத வரலாறு

இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் வரலாறு எழுதப்படும் போதெல்லாம் படங்களின் பெயர்களும், தயாரிப்பாளர், நெறியாளர் பெயர்களும், வெளியான ஆண்டுகளும் வரிசையாக வந்து விடுகின்றன. தம்பிஐயா தேவதாஸ் அவர்களின் ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’ இத்துறையில் நிகழ்ந்த பெரும்பணி. அது இல்லையென்றால் நம்மிடம் இந்தப் பட்டியல்கூட மிஞ்சியிராது. எனினும், அந்தப் படங்களையும் தமிழகத்திலிருந்து வந்த நூற்றுக்கணக்கான படங்களையும் கலரியில் இருந்து பார்த்தவர்கள், பார்த்துவிட்டு வாரக்கணக்கில் விவாதித்தவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. மலையகத்தைப் பொறுத்தவரை இது பெரிய இழப்பென்றே நான் கருதுகிறேன். ஏனெனில், வாக்குரிமை பறிக்கப்பட்டிருந்த ஒரு சமூகம் நல்லது கெட்டதைப் பகிரங்கமாகத் தர்க்கித்துத் தீர்ப்புச் சொல்லிப் பழகிய களங்களுள் படக்கதை பேசிய ஸ்தோப்பும் ஒன்று.

இக்கட்டுரைக்கு நான் பட்டிப்பொலயை மையமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 6,226 அடி உயரத்தில் இருக்கும் பட்டிப்பொல, இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம். பதுளை நோக்கிச் செல்லும் பாதை இதைத் தாண்டிச் சுரங்கத்தினூடே ஒஹியப் பக்கம் இறங்குகிறது. தேயிலை, மரக்கறித் தோட்டம், அம்பேவெலப் பால்பண்ணை, சிறு கடைகள் என்று தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் பிரதேசம் இது. படம் பார்க்க வேண்டுமானால் ரயிலேறி நானுஓயாவில் இறங்கி, அங்கிருந்து நுவரெலியாவுக்குப் போக வேண்டும். மாலைக் காட்சி முடிந்தால் திரும்ப ரயில் கிடைக்காது. ஆகவே ஒரு படத்தைப் பார்த்து வருவது ஒரு பயணம் போய் வருவதற்குச் சமம். போய் வந்தவர் ஒருவர், போகாதவர் பத்துப்பேர். இந்தக் கணக்கிலிருந்துதான் ‘கதை சொல்லுதல்’ பிறந்தது.

மரக்கறி வியாபாரியான என் வாப்பாவின் கடையில் சிறுவயதில் நான் கேட்ட பேச்சுகளில் பாதி உருளைக்கிழங்கு விலை பற்றியது, மீதி எம்.ஜி.ஆர்., சிவாஜி பற்றியது. அண்மைக் காலத்தில், அந்தத் தலைமுறையில் எஞ்சியிருக்கும் சிலரோடு பேசிக் குறிப்பெடுத்து வருகிறேன். அக்குறிப்புகளும் பொதுப் பதிவில் உள்ள தகவல்களுமே இங்கு எனக்கு ஆதாரம்.

தேயிலைத் தோட்டம் திரைக்கு வந்தது மிக முன்னரேதான். 1934ஆம் ஆண்டு பஸில் ரைட் நெறிப்படுத்திய ‘சோங் ஒஃப் சிலோன்’ விவரணப்படம் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் எடுக்கப்பட்டது. உலக விவரணப்பட வரலாற்றில் இன்றும் போற்றப்படுவது. 1954இல் ஹொலிவூட்டின் ‘எலிஃபண்ட் வோக்’ வந்தது. எலிசபெத் டெய்லர் துரைசானியாக நடித்த அப்படத்தில் பங்களாவும் யானைகளும் கதையை நடத்தின. இந்தப் படங்களில் கொழுந்து பறித்தவர்களுக்கு முகம் உண்டு, பெயரில்லை. யாருக்காக எடுக்கப்பட்டன என்பதைப் பார்த்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தேயிலை குடிப்பவர்கள் பார்க்க எடுத்த படங்கள் அவை.

தொழிலாளர்கள் பார்த்த படங்கள் வேறு. அவை சென்னையிலிருந்து வந்தன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது, அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. இதற்குப் பின்வந்த இருபது ஆண்டுகளே தமிழ்ச் சினிமாவில் எம்.ஜி.ஆர்., சிவாஜி யுகம். பெரட்டுக்களத்தில் துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் முன்னால் வாய் திறக்க முடியாத ஒருவர், மாலையில் லயத்து ஸ்தோப்பில் அமர்ந்து, ‘நாடோடி மன்னன்’ படத்து நாடோடி செய்தது சரியா என்று தர்க்கம் பண்ணினார். அரசன் எப்படி இருக்க வேண்டும், சட்டம் யாருக்காக என்பன அப்படம் கிளப்பிய கேள்விகள். 1958இல் வெளியான அப்படத்தின் எழுத்துப் பணியில் கண்ணதாசனோடு பங்குகொண்ட ரவீந்தர், நாகூரைச் சேர்ந்த காஜா முகைதீன் என்பதை நம்மவர்களில் பலர் இன்னும் அறியார்கள்.

எம்.ஜி.ஆர். 1917இல் நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பது மலையக ரசிகனுக்கு வெறும் தகவலன்று. 1965இல் அவர் சரோஜாதேவியோடு இலங்கைக்கு வந்தபோது எழுந்த உற்சாகத்தை அன்றைய ரசிகர்கள் இன்றும் கண்கள் விரியச் சொல்கிறார்கள். ஆனால் 1977இல் அவர் தமிழகத்தின் முதலமைச்சரானபோது பட்டிப்பொலப் பக்கத்தில் பேசப்பட்டதாக ஒரு முதியவர் என்னிடம் கூறியது வேறுவிதமானது: “இங்க பொறந்தவரு அங்க போயி முதலமைச்சரு. இங்கயே பொறந்து இங்கயே கெடக்குற நமக்கு ஓட்டுச் சீட்டு இல்ல.” இதைச் சொன்னவர் எம்.ஜி.ஆர். ரசிகரல்லர், சிவாஜி ரசிகர். எதிர்க்கட்சியாரை மடக்குவதற்காகவே இதை அவர் அன்று சொன்னாராம். கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்களாம். ரசிகச் சண்டையின் நடுவே ஒரு சமூகத்தின் முழு அரசியலும் இப்படி ஒரு வாக்கியத்தில் வந்து விழுந்திருக்கிறது.

1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கு பிரஜாவுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி 1974இல் தீர்மானிக்கப்பட்டது. ரசிகர் கூட்டங்களும் இப்படியே பிளந்தன. தாயகம் திரும்பியோருக்கென 1968இல் ஆரம்பிக்கப்பட்ட தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்களில், கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கங்களில் பலர் குடியேறினர். அங்கிருந்து வந்த கடிதங்களில் சுகசேமம் விசாரித்த பின்னர் புதுப்படத்தின் கதை எழுதப்பட்டிருக்கும் என்று இருவர் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். போனவர் புதுப்படம் பார்த்தார், இருந்தவர் அதைக் கடிதத்தில் வாசித்தார்.

ஏன் வாசிக்க வேண்டியிருந்தது? 1972இல் நிறுவப்பட்ட அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் படங்களை இறக்குமதி செய்யும் உரிமையைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் உள்ளூர்ச் சினிமாவைக் காக்கும் நோக்கமும் அதற்குக் காரணங்கள். தமிழகப் படங்களின் வரத்துக் குறைந்தது. வந்தவையும் தாமதமாகவே வந்தன. கொழும்பில் ஓடித் தேய்ந்த பிரதிதான் மலைக்கு ஏறியது. ஆகவே இங்கே ‘புதுப்படம்’, ‘பழைய படம்’ என்ற பிரிவு வெளியான ஆண்டைக் கொண்டு வகுக்கப்படவில்லை. ஊருக்கு எப்போது வந்ததோ அப்போதுதான் படம் புதுசு. பழைய படங்களே திரும்பத் திரும்ப ஓடியதால் வசனங்கள் மனப்பாடமாயின. பாட்டுப் புத்தகங்கள் குறிப்பேடுகளில் கையால் பிரதி செய்யப்பட்டன. இறக்குமதிக் கட்டுப்பாடு ஒரு நுட்பமான ரசிகனை உருவாக்கியது என்று சொன்னால் அது மிகையாகாது. புதிதாக ஒன்றும் வராதபோது, இருப்பதையே ஆழமாகப் பார்க்க வேண்டியிருந்தது.

இதே கட்டுப்பாடு பின்னர் உள்ளூர்த் தமிழ்ப் படங்களுக்கும் வழிவிட்டது, அவற்றின் தொடக்கம் அதற்கு முந்தியதாயினும். 1962இல் 16 மி.மீ.இல் ‘சமுதாயம்’ வந்தது. அதையடுத்து 1963இல் கிருஷ்ணகுமாரின் ‘தோட்டக்காரி’ மலையகத்தைக் கதைக்களமாக்கியது. 1975இல் வெளியான ‘புதிய காற்று’ இவ்வகையில் தனித்துக் குறிப்பிட வேண்டியது. தொழிற்சங்கவாதியான வீ.பி. கணேசன் அதைத் தயாரித்துத் தானே கதாநாயகனாகவும் நடித்தார். கதை மாத்தளை கார்த்திகேசுவினுடையது, நெறியாள்கை எஸ். இராமநாதன். கூட்ட மேடையில் பார்த்த மனிதரைத் திரையில் பார்த்த அனுபவம் மலையக ரசிகருக்கு அதுவே முதற்தடவை. அவர் பின்னர் ‘நான் உங்கள் தோழன்’ (1978), ‘நாடு போற்ற வாழ்க’ (1981) ஆகியவற்றையும் எடுத்தார்.

‘புதிய காற்று’ பற்றிய பேச்சில் நான் கவனித்த ஒன்றுண்டு. சென்னைப் படங்களை அலசும்போது ரசிகர்கள் நடிப்பு, பாட்டு, சண்டை என்று பேசுவார்கள். இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது “தோட்டத்தில் அப்படி நடக்காது”, “கங்காணி அப்படிப் பேசமாட்டான்” என்று திருத்துகிறார்கள். தம் வாழ்க்கையே திரையில் வந்தபோது அவர்கள் ரசிகர் என்ற நிலையை விட்டுச் சாட்சிகளாகி விட்டார்கள். தொழில்நுட்பத்தில் சென்னையோடு போட்டியிட முடியாததால் நம் படங்கள் தோற்றன என்று வழக்கமாக எழுதப்படுகிறது. அது உண்மைதான். ஆனால் சாட்சிகளாக மாறிய அந்த ரசிகர்களோடு தொடர்ந்து உரையாட நமது சினிமாவுக்குக் காலம் கிடைக்கவில்லை என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1983 ஜூலை அந்தக் காலத்தைப் பறித்தது. கே. குணரத்தினத்தின் ஹெந்தலை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. தமிழர்களின் தியேட்டர்கள் பல எரிந்தன. அந்நெருப்பில் சிங்களப் படங்களின் சுருள்களும் சேர்ந்தே எரிந்தன. இலங்கைத் தமிழ்ப் படங்களில் பலவற்றை இன்று பார்க்க வழியில்லை. பார்த்தவர்களின் நினைவில் இருப்பதுதான் அவற்றின் கடைசிப் பிரதி. அந்தப் பிரதியும் ஆண்டுதோறும் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

இனி நம் சமூகத்துக்கு வருவோம். முஸ்லிம் வீடுகளில் சினிமா என்றைக்கும் சர்ச்சைக்குரியதாகவே இருந்தது. உலமாக்கள் கண்டித்தார்கள். பெரியவர்கள் தடுத்தார்கள். இளைஞர்கள் ஒளித்துப் போனார்கள். பெண்களுக்கு வானொலிதான் கிடைத்தது. ஆனால் அந்த வானொலியில் பாட்டையும் படத்தையும் அறிமுகம் செய்து தமிழகம்வரை பெயர் பெற்ற அறிவிப்பாளர்களுள் ஒருவர் நம்முடைய பி.எச். அப்துல் ஹமீத். சேலத்தில் பிறந்து இங்கு வந்த மொஹிதீன் பேக், 1947இன் ‘அசோகமாலா’ முதல் சிங்களத் திரைப்பாடலின் பெருங்குரலானார். ஒதுங்கி நின்றதாகக் கருதப்படும் ஒரு சமூகம் உண்மையில் எவ்வளவு உள்ளே இருந்தது என்பதற்கு இவை சான்று.

1961இன் ‘பாவமன்னிப்பு’ மலைக்கு வந்தபோது, படமே பார்க்காத முஸ்லிம் கடைக்காரர்களும் அதைப் பற்றிப் பேசினார்களாம். முஸ்லிம் வீட்டில் வளர்ந்த ரஹீமாகச் சிவாஜி நடித்திருந்தார். நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரலும் டி.எம். சௌந்தரராஜனுடன் சேர்ந்து அதில் ஒலித்தது. 1974இல் ‘சிரித்து வாழ வேண்டும்’ படத்தில் எம்.ஜி.ஆர். அப்துல் ரஹ்மானாக வந்தார். இரு கட்சியாரும் தத்தம் நாயகன் தொப்பியணிந்து வந்ததைக் காட்டி முஸ்லிம் நண்பர்களிடம் உரிமை கொண்டாடினார்கள். இது மேலோட்டமான நல்லிணக்கம் என்று இன்றைய விமர்சகர் சொல்லலாம். ஆயினும் ஒரே கலரியில் இருந்து ஒரே காட்சிக்குக் கைதட்டிய நினைவு இருதரப்பிலும் இருந்தது.

1992இல் ‘ரோஜா’வும் 1995இல் ‘பம்பாய்’ படமும் வந்தபின் அந்தப் பேச்சின் தொனி மாறியது. துப்பாக்கியோடு தொழுகின்றவன் என்ற உருவம் திரையில் நிலைபெற்றது. கைதட்டிய நண்பருக்குப் பக்கத்தில் நமது இளைஞன் பேசாமல் இருக்க நேர்ந்தது. 2013இல் ‘விஸ்வரூபம்’ தமிழகத்தில் இரு வாரம் தடைபட்டு, சில இடங்களில் ஒலி நீக்கப்பட்டு வெளியானபோது, தடையை ஆதரிப்பதா, கருத்துச் சுதந்திரத்தை ஆதரிப்பதா என்று நமக்குள்ளேயே பிளவு ஏற்பட்டது. என் நிலைப்பாடு தெளிவானது. ஒரு படத்தைத் தடைசெய்யக் கோருவதைவிட, அது ஏன் பொய் என்று அதே நண்பர்கள் நடுவே எழுந்து சொல்வது நமக்குப் பொருத்தமானது. “கங்காணி அப்படிப் பேசமாட்டான்” என்று சொன்ன தோட்டத் தொழிலாளி அதற்கு முன்மாதிரி. அவர் தடை கேட்கவில்லை, திருத்தம் சொன்னார்.

தொலைக்காட்சியின் கதையைச் சுருக்கமாகவே கூறலாம். 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் தொடங்கின. ரூபவாஹினியின் ஒலிபரப்புக் கோபுரம் நுவரெலியாவுக்கு மேலே பிதுருதலாகலையில் எழுந்தது. கோபுரம் வாசலில் இருந்தும் அதிலிருந்து வந்த தமிழ் நேரம் சொற்பம். மின்சாரம் எட்டாத லயங்களில் கார் பெற்றரியில் பெட்டி ஓடியது. காசு சேர்த்து வீடியோ ‘டெக்’ வாடகைக்கு எடுத்து, விடியும்வரை மூன்று நான்கு படம் பார்க்கும் வழக்கம் வந்தது. 1998இல் சக்தி தொலைக்காட்சி வந்தது. 1999இல் சன் தொலைக்காட்சியில் ‘சித்தி’ தொடங்கியது. இத்தகைய தொடர்களோடு பேச்சின் தலைமை ஆண்களிடமிருந்து பெண்களிடம் போனது. கொழுந்து மலையில் நேற்றைய அத்தியாயம் அலசப்பட்டது. கலரிக்குப் போக முடியாதிருந்த முஸ்லிம் பெண்களும் முதன்முறையாக அப்பேச்சில் சமபங்கு பெற்றார்கள். இன்று துருக்கியின் ‘எர்துருல்’ தொடரைக் கைபேசியில் பார்க்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஆளுக்கொரு திரை இருக்கிறது, ஆனால் பத்துப்பேருக்குக் கதை சொல்லும் ஒருவர் இல்லை.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மலையகத்தின் நாடற்ற நிலை பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. வாக்குரிமையின் கதையை எழுத ஆவணங்கள் இருக்கின்றன. ரசிகர்களின் கதைக்கு ஆவணம் மனிதர்கள்தாம். பழைய பாட்டுப் புத்தகம், கையெழுத்துக் குறிப்பேடு, கோத்தகிரியிலிருந்து வந்த கடிதம் எவரிடமாவது இருந்தால் அவற்றைத் தூக்கி வீசிவிடாதீர்கள். உங்கள் ஊரில் ‘தோட்டக்காரி’யையோ ‘புதிய காற்று’வையோ பார்த்தவர் ஒருவர் உயிரோடிருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கதையைச் சொல்லச் சொல்லுங்கள். காட்சிக் காட்சியாக, அவர் சொல்லும் மொழியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சுருள் எரிந்துபோன படத்துக்கு அந்தக் குறிப்பே சுருளாகும். இந்த வேலைக்குப் பெரிய நிறுவனமோ நிதியோ தேவையில்லை. கொப்பி ஒன்றும், கேட்கும் பொறுமையும் போதும். பட்டிப்பொலயில் நான் இதுவரை நான்கு பேரிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். ஐந்தாமவர், போன மாரிக்குப் பின் வரச்சொல்லியிருந்தவர், அதற்குள் மௌத்தாகி விட்டார்.