ஆலயத்துக்கு முன் பள்ளிக்கூடம்

1909இல் ரயில் பாதை ஜொகூர் பாருவை எட்டியது. பால்மரம் வெட்டத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. ரயில் நிலையங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கிராணி வேலைக்கு யாழ்ப்பாணத்தார் வந்தார்கள். இவர்களில் மிஷன் பள்ளிகளில் படித்த கிறிஸ்தவர்களும் இருந்தார்கள்.

இப்படிப்பட்டவர்கள் கூடிய மெதடிஸ்த சபை ஓர் ஊரில் எந்த இடத்தில் வேர்விட்டது என்று தேடுகிறவர்கள் பழைய ஆலயக் கட்டடத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் பழைய பள்ளிக்கூடத்தைத் தேடச் சொல்வேன். காரணத்தை அறிய இலங்கையின் மட்டக்களப்புக்குப் போகவேண்டும்.

இங்கிலாந்திலிருந்து இலங்கைக்குப் புறப்பட்ட முதல் மெதடிஸ்த மிஷன் குழுவின் தலைவர் தாமஸ் கோக். 1814 மே 3 அன்று, இந்துமாக்கடலில் கப்பல் அறையிலேயே அவர் இறந்து கிடந்தார். குழுவில் ஒருவரான வில்லியம் ஓல்ட்டின் மனைவியும் அந்தக் கடற்பயணத்தில் உயிர்விட்டார். தலைவரை இழந்து, கையில் போதிய பணமும் இல்லாமல், ஜூன் 29 அன்று காலியில் கரையேறியவர்கள் அங்கேயே கூடி, யார் எங்கே போவது என்று முடிவு செய்தார்கள். குழுவைச் சேர்ந்த லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம் போனார்கள். மட்டக்களப்பு ஓல்ட்டுக்கு. துணைக்கு ஒருவரும் இல்லை.

அங்கே வாவி சூழ்ந்த புளியந்தீவில் கோட்டை இருந்தது. மெதடிஸ்தருக்கென்று ஒரு கூரைகூட இல்லை. ஓல்ட் தமிழ் படிக்கத் தொடங்கினார், பிள்ளைகளைக் கூட்டினார். எட்டு மாதங்களில் எட்டுப் பள்ளிகள் தொடங்கினார் என்று இன்றும் அங்கே சொல்வார்கள். 1815 ஏப்ரல் 1 அன்று காலமானார். அவர் இட்ட வித்துத்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. பெண்பிள்ளைகளுக்கான வின்சன்ட் பாடசாலை 1820இல் வந்தது. ஒரு மனிதர், எட்டே மாதம்! நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புத்தான்.

மலாயாவுக்கு மெதடிஸ்தம் வந்த வழி வேறு. இங்கே வந்தது அமெரிக்கக் கிளை. பெங்களூரில் பிறந்து, நில அளவைப் பணியில் இருந்த வில்லியம் ஓல்டாம் 1885 பிப்ரவரியில் சிங்கப்பூர் வந்தார். ஆனால் நடைமுறை அதேதான். 1886 மார்ச் 1 அன்று அமோய் ஸ்ட்ரீட் கடைவீடு ஒன்றில் 13 பையன்களோடு ஆங்கிலோ-சீனப் பள்ளி தொடங்கியது. கோல்மன் ஸ்ட்ரீட் ஆலயம் திறந்தது அந்த ஆண்டு டிசம்பரில்தான்.

ஆலயச் சுவரை இடித்துக் கட்டிவிடுவார்கள்; பழைய அடையாளம் போய்விடும். பள்ளிச் சேர்க்கைப் புத்தகத்தில் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தகப்பனின் தொழில் எல்லாம் இருக்கும். ஒரு சபையில் கூடியவர்கள் யார் என்று அறிய அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஜொகூர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் ஞானஸ்நானச் சீட்டோ, திருமணப் பதிவோ, ஆசிரியர்கள் நடுவில் அமர்ந்திருக்கும் பழைய வகுப்புப் படமோ இருந்தால் கறையான் அரிக்க விடாதீர்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை, சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள். ஒரு பிரதியை உங்கள் சபைப் போதகரிடம் கொடுங்கள்.