செங்கல்பட்டில் தொடங்கிய வழக்கும் கேட்கப்படாத இரண்டு பிள்ளைகளும்

சதுரங்கப்பட்டினத்துக்காரர்களுக்குச் செங்கல்பட்டு கோர்ட் என்றால் வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும்தான் நினைவுக்கு வரும். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து வாய்தாவுக்கு அலைந்தவர்கள் நம்மில் பலர். அதே செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் 1912 அக்டோபரில் பதிவான ஒரு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. பிள்ளைகளைக் கேட்காமல் அவர்களைப் பற்றித் தீர்ப்பு எழுதலாமா என்ற கேள்வியை அது எழுப்பியது.

வழக்குப் போட்டவர் ஜிட்டு நாராயணையா. ரெவின்யூ இலாகாவில் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சஞ்சீவம்மா 1905-ல் காலமாகிவிட்டார். 1909 தொடக்கத்தில் தாயில்லாப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அடையாறு பிரம்மஞான சபையில் வேலைக்கு வந்து சேர்ந்தார். அந்த ஆண்டே அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தி, சபையின் முக்கியஸ்தரான லெட்பீட்டர் கண்ணில் பட்டான். உலகத்துக்கு வரப்போகும் குரு இவன் மூலமாகவே பேசுவார் என்று சபையில் பலர் நம்பத் தொடங்கினார்கள்.

1910 மார்ச்சில் கிருஷ்ணமூர்த்திக்கும் தம்பி நித்யானந்தாவுக்கும் அன்னி பெசன்ட் அம்மையார் கார்டியனாக இருக்கத் தகப்பனார் எழுத்து மூலம் சம்மதித்தார். 1912-ல் அம்மையார் இருவரையும் படிப்புக்காக இங்கிலாந்து அழைத்துப் போனார். லெட்பீட்டரிடம் பிள்ளைகள் பழகுவது தகப்பனாருக்குப் பிடிக்கவில்லை. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற்று, பிள்ளைகளைத் தம்மிடம் ஒப்படைக்கக் கோரி வழக்குத் தொடர்ந்தார். அடையாறு அன்று செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்ததால் செங்கல்பட்டு கோர்ட்டில் பதிவானது. பிறகு சென்னை ஐகோர்ட்டுக்கு மாற்றப்பட்டது.

ஐகோர்ட்டில் நடந்தது பெரிய மோதல். தகப்பனாருக்காக வாதாடியவர் சி. பி. ராமசாமி ஐயர். வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தமக்காகத் தாமே வாதாடியவர் பெசன்ட் அம்மையார். 1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல், மே 26-ஆம் தேதிக்குள் பிள்ளைகளைத் தகப்பனாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அம்மையார் செய்த அப்பீலும் அக்டோபரில் தள்ளுபடியானது.

இத்தனையிலும் யார் யார் பேசினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தகப்பனார் பேசினார், அம்மையார் பேசினார், வக்கீல் பேசினார், சாட்சிகள் பேசினார்கள். வழக்குத் தொடுத்தபோது கிருஷ்ணமூர்த்திக்கு 17 வயது, தம்பிக்கு 14. பால் குடிக்கும் குழந்தைகள் அல்ல. ஆனால் உங்கள் விருப்பம் என்ன என்று எந்தக் கோர்ட்டும் அவர்களைக் கேட்கவில்லை.

இதை எடுத்துச் சொல்லப் பிரிவி கவுன்சில் வேண்டியிருந்தது. 1914 மே மாதம் அது சென்னைத் தீர்ப்பை ரத்து செய்தது. பிள்ளைகள் இங்கிலாந்தில் படிக்கப் போய்விட்டவர்கள், செங்கல்பட்டு ஜில்லாவில் வசிப்பவர்கள் அல்ல, ஆகவே அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்பது ஒரு காரணம். பிள்ளைகளின் விருப்பம் அறியப்படவில்லை, அவர்கள் சார்பில் கோர்ட்டில் யாரும் நிற்கவில்லை என்பது இன்னொரு காரணம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கேட்பதற்கு வழி சட்டத்திலேயே இருந்தது. 1890-ஆம் ஆண்டின் கார்டியன் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, விவரத்தோடு விருப்பம் சொல்லக்கூடிய வயது மைனருக்கு வந்திருந்தால் கோர்ட் அந்த விருப்பத்தைக் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. கவனியுங்கள், 'கொள்ளலாம்'. காலமெல்லாம் சர்க்கார் உத்தரவுகளைப் படித்துக் குறிப்பெழுதிய குமாஸ்தாவுக்கு இந்த 'லாம்' என்ன செய்யும் என்று தெரியும். 'வேண்டும்' என்று இருந்தால் கட்டு நகரும். 'லாம்' என்று இருந்தால் அது மேலதிகாரியின் மனசு.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்த ஊர்ச் சட்டத்தையும் புரட்டிப் பார்த்தேன். அங்கும் இதே கதைதான். 1993-ல் சிவில் சட்டத்தில் 388-1 என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நல்லது கெட்டது பிரித்தறியும் பக்குவம் உள்ள பிள்ளையை நீதிபதி விசாரிக்கலாம் என்றார்கள். 2007-ல் திருத்தினார்கள்: பிள்ளையே கேட்டுக்கொண்டால் விசாரித்தே ஆக வேண்டும். 'லாம்' என்பது 'வேண்டும்' ஆக 14 வருஷம் பிடித்தது.

நம் நாடும் நகர்ந்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய விசாரணையில் பேசும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. 1992-ல் இந்தியா அதை ஏற்றது. பெற்றோர் இல்லாமல் அல்லது பிரிந்து பிறர் பராமரிப்புக்குப் போகும் குழந்தைகளுக்கான 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும், குழந்தை சொல்வதை அதன் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப மதிக்க வேண்டும் என்கிறது. தாயும் தகப்பனும் பிள்ளைக்காக வழக்காடும்போது, நீதிபதி குழந்தையைத் தம் அறைக்கு அழைத்துத் தனியே பேசுவதும் இன்று வழக்கத்தில் உண்டு.

தனியே பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பையன்கள் இங்கிலாந்தில் இருக்கவே விரும்பினார்கள். ஆனால் அது அவர்களுடைய சொந்த ஆசையா, வளர்த்தவர்கள் ஊட்டிய ஆசையா? பெற்ற தகப்பனாருக்கு அந்தச் சந்தேகம் வந்திருந்தால் அதையும் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்பது மட்டும் போதாது. பயமில்லாமல், சொல்லிக்கொடுத்த பாடமாக இல்லாமல் பிள்ளை பேசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

1929 ஆகஸ்டில் ஹாலந்து நாட்டின் ஓமன் நகரில், தம்மைக் குருவாக வைத்து நடந்த நட்சத்திர சங்கத்தையே கலைத்துவிட்டார் கிருஷ்ணமூர்த்தி. வளர்த்தவர்கள் எழுதிவைத்த பாத்திரம் வேண்டாம் என்று அவர் வாயாலேயே சொல்ல 34 வயதாகியிருந்தது.

இப்போது நம் வீடுகளிலும் விவாகரத்து வழக்குகள் வந்துவிட்டன. கோர்ட்டுக்குப் போகும் பேரப்பிள்ளைக்கு என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து அனுப்புவதில் தாத்தா பாட்டிகளான நாம்தான் முதலில் நிற்கிறோம். அதை மட்டும் செய்யாதிருந்தால், பாதி நியாயம் கிடைத்த மாதிரி.