லாஅட்: ஒரு வினைச்சொல்

'லாஅட்' என்றால் புலன்வழி அறிதல். பார்ப்பதும் கேட்பதும் இந்த ஒரே வினைக்குள் அடங்கும். 'கண்ணால்' என்று சேர்த்தால் பார்த்தல், 'காதால்' என்று சேர்த்தால் கேட்டல். 'லொலாஅட்' என்றால் உள்ளுக்குள் உணர்தல். இந்த வினையிலிருந்துதான் மொழிக்கே பெயர் வந்தது: லாஅடன், அதாவது உணர்தலின் மொழி.

அமெரிக்க மொழியியலாளரும் அறிபுனை எழுத்தாளருமான சூசெட் ஹேடன் எல்ஜின் 1982இல் இதை உருவாக்கத் தொடங்கினார். 1984இல் வெளிவந்த 'நேட்டிவ் டங்' நாவலில், வாக்குரிமை பறிக்கப்பட்டு ஆண்களின் பொறுப்பில் வைக்கப்பட்ட பெண்கள் இதை ரகசியமாக வளர்க்கிறார்கள். பிள்ளை பெற முடியாதவர்களுக்கென ஒதுக்கிய வீடுதான் அவர்களுடைய பட்டறை. பெயருக்குத்தான் விடுமுறை, ஆனால் வேலையும் விருந்தாளிகளுமாக அலுத்துப்போகும் நாளுக்கு அந்த மொழியில் தனிச் சொல் உண்டு: 'ராடீடின்'. எனக்கு அதைத் 'தீபாவளி' என்று மொழிபெயர்க்க ஆசை.

என்னை நிறுத்திய இடம் வேறு. லாஅடனில் கூற்றின் இறுதியில், 'இது உனக்கு எப்படித் தெரியும்' என்பதற்கான சொல் வரவேண்டும். நானே உணர்ந்தது என்றால் 'வ'. கனவில் கண்டது என்றால் 'வெ'. பிறர் சொல்லி அறிந்ததற்கு இரண்டு சொற்கள். இரண்டிலும் எழுத்துகள் ஒன்றே, எந்த உயிரொலியை உயர்த்துகிறோம் என்பதில்தான் வேறுபாடு. ஒன்று, சொன்னவரை நம்புகிறேன் என்கிறது. மற்றது, நம்பவில்லை என்கிறது.

தமிழில் இந்த வேலையை '-ஆம்' செய்கிறது. 'மழை வருதாம்' என்பதில் வம்பில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையில், என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மாமியார் டாக்டரிடம், "இவளுக்கு வயிறு வலிக்குதாம்" என்றார். வலி எனக்கு, வாக்கியம் அவருடையது. அந்த 'ஆம்' வெறும் தகவலா, சந்தேகமா? கேட்டிருந்தால், "நீ சொன்னதைத்தானேம்மா சொன்னேன்" என்றிருப்பார். இலக்கணப்படி அவர் பக்கம் தப்பில்லை. டாக்டர் என்னைப் பார்க்காமலே எழுதினார். லாஅடனில் என்றால் அவர் ஏதாவது ஒரு பக்கம் நின்றாக வேண்டும். நானோ 'வ' என்று முடித்திருப்பேன்.

எல்ஜின் பத்து ஆண்டு கெடு வைத்தார்: பெண்கள் இதை எடுத்துக்கொள்வார்கள், இல்லையேல் இதைவிட நல்லதாக ஒன்றைச் செய்வார்கள். இரண்டும் நடக்கவில்லை, அதே காலத்தில் 'ஸ்டார் டிரெக்' படங்களின் போர்வீரர் மொழியான கிளிங்கான் செழித்தது. அதை அவரே மறைக்காமல் சொன்னார். 2015இல் இறந்தார். லாஅடனின் அகராதியும் இலக்கணமும் இருக்கின்றன. இன்றும் சிலர் அதைப் படிக்கிறார்கள்.